வாசலில் சொன்னது

நம் மகளின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்க்க வந்து மாலையே திரும்பிவிடப் போகிறீர்கள் என்று உங்கள் அக்கா சொன்னார்கள்.

நீங்கள் பெட்டியோடு கிளம்பிய அன்று வாசலில் நின்று சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், கதவருகே ஓடிப்போய், உங்களைப் போலவே தொண்டையைச் செருமிக்கொண்டு, "ரெண்டே நாள்ல வந்துடுறேன்டா குட்டி" என்பாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வது வழக்கம்தான் என்றார் பேச்சுப் பயிற்சி டீச்சர். சொந்தமாக நாலு வார்த்தை கோத்துப் பேச வராதவளிடமிருந்து உங்கள் குரல் மட்டும் அட்சரம் பிசகாமல் வரும். முதல்முறை கேட்ட உங்கள் அக்கா, "என் தம்பியை முழுங்கிட்டியாடி?" என்று சிரித்தார்கள். அப்புறம் சமையலறைக்குள் போய் வெகுநேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தார்கள்.

இந்த வாரம்தான் லிஃப்ட் சத்தத்துக்கு அவள் எழுந்திருக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தாள். நான்தான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு மாலை மறுபடி வாசலில் நின்று அவளிடம் என்ன சொல்லிவிட்டுப் போவீர்கள்? அதையும் தினம் நான்தான் கேட்க வேண்டும்.

இருக்க வருவதானால் வாருங்கள். பார்க்க வரவேண்டாம்.

அவளுடைய அம்மா