என் தட்டுகள் அதிரவில்லை, பாண்டி

என் செல்லக் கொழுந்தன் பாண்டிக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் "மதினி சண்டைக்கு வருதுடோய்" என்றுதான் சொல்லியிருப்பாய். சண்டைக்குத்தான் வந்திருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்து இத்தனை மாதம் ஆகியும் உன் கறுப்புப் பெட்டி என் பிராணனை வாங்குவதை நிறுத்தவில்லை.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற இந்த வீட்டில் கீழே நானும் உன் அண்ணனும், மாடியில் நீயும் வசந்தியும். உன் ஹாலுக்கு நேர் கீழே என் அடுப்படி. அந்தக் கறுப்புப் பெட்டியை, நீ சொல்லும் சப்வூஃபரை, ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது, துணி துவைக்கிற மிஷின் என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டது உனக்கு நினைவிருக்கிறதா? அன்று சாயங்காலமே அது உறுமியதில் என் அலமாரியில் எவர்சில்வர் தட்டு அத்தனையும் கிடுகிடுவென்று ஆடின. ஒட்டடைக் கம்பால் கூரையை இடித்தேன். மேலே இருந்து நீ, "மதினி, தாளம் தப்புது!" என்று கத்தினாய்.

ஆனால் அந்தப் பெட்டி யாருக்காக வந்தது என்று எனக்கு முதல் நாளே தெரியும். திருவாதவூரில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த காய்ச்சல் வசந்தியின் காதைக் கொண்டுபோய்விட்டது. முகம் பார்த்துப் பேசினால் வாயசைவைப் பிடித்துக்கொள்வாள். பாட்டு மட்டும் அவளுக்கு எட்டாமல் இருந்தது. நீ வூஃபரைத் தரையில் வைத்து, பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அவளைச் செருப்பில்லாமல் உட்கார வைத்தாய். தவில் அடி தரை வழியாக உள்ளங்காலில் ஏறியதும் அவள் முகம் போன போக்கை நானும் பார்த்தேன். "ஊரே காதால கேக்குது மதினி, என் பொண்டாட்டி காலால கேக்குறா" என்று நீ அடித்துக்கொண்ட தம்பட்டம் கொஞ்சமா? அதனால்தான் கூரையை இடித்தேனே தவிர, பெட்டியை எடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

காமாலை என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவன், படுத்தபடி வந்தாய். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

நம் வீட்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். துக்கம் விழுந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கக் கூடாது. உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோதே உன் அண்ணன் மாடிக்குப் போய், பெட்டிகளுக்கெல்லாம் பாட்டை அனுப்புகிற ரிசீவரின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி, எல்லாவற்றையும் உன் நீலக் கைலியால் மூடிவிட்டு வந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் யாரும் அதைத் தொடவில்லை. சித்திரைத் திருவிழாவுக்குத் தெருவெல்லாம் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாடியது. நம் மாடி மட்டும் ஊமையாக இருந்தது.

போன மாதம் வசந்தியே அந்தக் கைலியை எடுத்தாள். மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பிளக்கைச் சொருகி, உன் தவில் சிடியைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுப்படியில் இருந்த எனக்கு மேலே தவில் கேட்டது. ஆனால் என் தட்டு ஒன்றுகூட ஆடவில்லை. முன்னால் இருக்கிற சின்ன ஸ்பீக்கர் பெட்டிகள் ரெண்டும் பாடின, வூஃபர் மட்டும் வாயே திறக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வசந்தி இறங்கி வந்தாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அவரு போகும்போது சத்தத்தையும் கூட எடுத்துக்கிட்டுப் போயிட்டாருக்கா" என்றாள்.

உன் அண்ணன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் கையால் வூஃபரின் பின்பக்கம் ஒரு தட்டு தட்டினார், முன்பக்கம் ஒரு தட்டு தட்டினார். "போயிருச்சுண்ணே. இதுக்குச் செலவழிக்கிறது தண்டம். மொத்த செட்டையும் எக்ஸ்சேஞ்சுல தள்ளிவிட்டுட்டு நல்ல டிவியா எடுத்துக்கங்க, ஞாயித்துக்கிழமை கடையில இருந்து ஆட்டோ வரும்" என்றார். உன் அண்ணன் தலையாட்டிவிட்டார். அவருக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கவே முடியவில்லை, பாவம். நான் வசந்தியைப் பார்த்தேன். "பேசாத சாமானை வச்சுக்கிட்டு என்னக்கா செய்ய? குடுத்துருங்க" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். டிவியை வைத்து இவள் என்ன செய்வாள், வாயசைவைப் பார்த்துக்கொண்டு இருப்பாளா? அந்தப் பெட்டி போனால் அவளுக்குப் பாட்டு என்ற ஒன்றே போயிற்று. நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நீதானே கேலி பண்ணுவாய். சரி, மூன்று கால்தான் என்று முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டேன்.

எனக்கு எலெக்ட்ரானிக்ஸ் தெரியாது. தையல் மிஷின் தெரியும். தையல் விட்டு விட்டு விழுந்தால் மோட்டாரையா கழற்றுகிறோம்? முதலில் நூலைப் பார்க்கிறோம், பிறகு ஊசி, பிறகு பாபின். அதே மாதிரி ஒவ்வொன்றாகப் பார்ப்பது என்று சனிக்கிழமை மத்தியானம் மாடிக்குப் போனேன். வூஃபரில் விளக்கு எரிகிறதா? எரிந்தது. அதன் சத்தத் திருகு குறைந்திருக்கிறதா? இல்லை, நீ வைத்த இடத்திலேயே இருந்தது. அடுத்தது ரிசீவரில் இருந்து வூஃபருக்குப் போகும் ஒயர். ரிசீவர் பக்கத்து முனையைக் கழற்றும்போது அதன் நுனிக் கம்பியில் என் விரல் பட்டுவிட்டது.

"உம்ம்ம்" என்று எருமை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நான் ஒயரைத் தூக்கி எறிந்துவிட்டேன். நாற்காலியில் இருந்த வசந்தி துள்ளி எழுந்தாள்.

"அக்கா! கால்ல வந்துச்சுக்கா!"

மறுபடி தொட்டேன். மறுபடி உம்ம்ம். அவள் தரையைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன் பாண்டி. அந்த ஒயரை விடவே எனக்கு மனசு வரவில்லை.

ஆக, பெட்டிக்கு உயிர் இருக்கிறது. ஒயரும் சரி. மறுபடி ரிசீவரில் சொருகிச் சிடியைப் போட்டால் பழையபடி மௌனம். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? ரிசீவர் கொடுத்தால்தானே வூஃபர் உறுமும்? கோளாறு ரிசீவரில்தான் என்று தெரிந்துபோயிற்று. ஆனால் அதில் எங்கே? ரிமோட்டில் இருந்த பொத்தானையெல்லாம் அமுக்கினேன். சாயங்காலம்வரை அமுக்கினேன். உன் அண்ணன் கீழே இருந்து, "அடியே, நாளைக்குப் போற சாமானை இன்னைக்கு ஏன்டி போட்டு உருட்டுற?" என்றார். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். நம் வீட்டில் அதற்கு நல்ல பயிற்சி இருக்கிறது என்று வசந்தியே சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்கு ஊற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறினேன். சலிப்பில் ரேடியோப் பக்கம் திருப்பி ஒன்றாம் நம்பரை அமுக்கினேன். அதில் மதுரை வானொலியை நீ எனக்காகவே பதிந்து வைத்திருந்தாய். இப்போது வெறும் இரைச்சல். இரண்டாம் நம்பரும் இரைச்சல். ஒரு ஸ்டேஷன்கூட மிச்சமில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ரிசீவர் கெடவில்லை, மறந்துவிட்டது. கரண்ட் இல்லாமல் அதற்குக் கொஞ்ச நாள்தான் ஞாபகம் நிற்கும் போலிருக்கிறது. நாம் பிளக்கைப் பிடுங்கி மாதக்கணக்கில் துக்கம் காத்தோம், அது நீ சொல்லிக்கொடுத்த அத்தனையையும் மறந்து, கடையில் இருந்து வந்த நாளுக்குத் திரும்பிவிட்டது. உனக்கு மரியாதை செய்கிறோம் என்று உன் கைவேலையை நாங்களே அழித்திருக்கிறோம். இதற்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

சரி, மறந்ததைத் திரும்பச் சொல்லிக்கொடுப்போம். ஆனால் நீ முதல் நாள் அதற்கு என்ன சொன்னாய்? எங்களுக்கும் விளக்கினாய்தான். எனக்கு என் தட்டுக் கவலை, ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. வசந்தியின் பக்கம் திரும்பி, "அன்னைக்கு இதுல என்னம்மா பண்ணுனான் அவன்?" என்று கேட்டேன்.

அவள் யோசிக்கவே இல்லை. உன்னை மாதிரியே நின்றுகொண்டாள். ரெண்டு உள்ளங்கையையும் நெருக்கிப் பிடித்து, "இது ரெண்டும் சின்னது" என்று முன்னால் இருந்த பெட்டிகளைக் காட்டினாள். பிறகு மூட்டையைத் தூக்குகிற மாதிரி கையை விரித்து, "கனமெல்லாம் அங்க" என்று வூஃபர் பக்கம் இறக்கி வைத்தாள். நீ அவளுக்குக் கையால் விளக்கியிருக்கிறாய். எனக்குக் காதில் சொன்னது அன்றே காற்றோடு போயிற்று, அவளுக்குக் கையில் சொன்னது அப்படியே இருந்தது.

ரிமோட்டில் 'செட்டப்' என்ற பொத்தானை அமுக்கி, ரிசீவரின் கண்ணாடியில் ஓடிய எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். முன் ஸ்பீக்கருக்கு நேராக 'லார்ஜ்' என்று இருந்தது. அந்தக் குருவிக் கூடு ரெண்டையும் பெரிய ஆள் என்று நம்பி, தவிலின் மொத்தக் கனத்தையும் அதுகள் தலையிலேயே ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது இந்த மடச் சாம்பிராணி! 'ஸ்மால்' என்று மாற்றினேன். வாசலில் எக்ஸ்சேஞ்ச் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. வசந்தி நாற்காலியில் உட்கார்ந்து ரெண்டு காலையும் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள். சிடியைப் போட்டேன்.

வந்தது பாண்டி. உன் வூஃபர் உறுமியது.

எவ்வளவு சத்தம் வைப்பது என்பதை வசந்தியின் கால்தான் முடிவு செய்தது. "இன்னும்க்கா" என்றாள். கூட்டினேன். "இன்னும் கொஞ்சம்." கூட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு, "இம்புட்டுத்தேன். அவரு வைக்கிறது இம்புட்டுத்தேன்" என்றாள். கண்ணை மூடியபடியே அழுதாள், மாதக்கணக்கில் வராத அழுகை. நான் தடுக்கவில்லை.

கீழே என் அடுப்படியில் தட்டுகள் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தன. ஒன்று விழுந்து உருண்டது. அதோடு சேர்ந்து உன் அண்ணன் குரலும் கேட்டது.

"டேய் பாண்டி! குறைடா சத்தத்தை!"

அத்தனை வருடப் பழக்கம். வாய் முந்திக்கொண்டுவிட்டது. நான் படியருகே போய் எட்டிப் பார்த்தேன். விழுந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அடுப்படி வாசலில் நின்றிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு தெருவுக்குப் போனார். அவர் ஆட்டோக்காரரிடம் பேசியது மாடிவரை கேட்டது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. சும்மா அலைய விட்டுட்டோம். பெட்டி தர்றதா இல்ல."

இட்லி அன்று தண்ணீர் வற்றித் தீய்ந்துபோயிற்று. யாரும் குறை சொல்லவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் மாடியில் தவில். ஸ்டேஷன்களையும் ஒவ்வொன்றாகப் பதிந்துகொண்டிருக்கிறேன், மதுரை வானொலி ஒன்றாம் நம்பருக்கே வந்துவிட்டது. வசந்தி ரிமோட்டைப் பழகிக்கொண்டாள். அந்த 'ஸ்மால்' இருக்கிற இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போவாள். தட்டுகளுக்கு அடியில் துணி விரித்து வைக்கலாம் என்று உன் அண்ணன் யோசனை சொன்னார். வேண்டாம், அதுபாட்டுக்கு ஆடட்டும் என்றுவிட்டேன். ஒட்டடைக் கம்பு மட்டும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கிறது. இடிக்காவிட்டால் உனக்குத் தூக்கம் வருமா?

ஒரு வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள். அந்தப் பிளக்கை இனி இந்த வீட்டில் யாரும் பிடுங்க மாட்டார்கள். எனக்கே ஒன்று ஆனாலும் பிடுங்கக் கூடாது, கூடத்தில் நான் கிடக்கும்போது மாடியில் வசந்தி தவில் போட வேண்டும் என்று உன் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தாளம் தப்பினால் அன்றைக்கும் எழுந்து இடிப்பேன்.

கூரையை இடிக்கிற,
உன் மதினி