திங்கட்கிழமை இடிக்கிறோம்

ஹார்லோ மலை, ஷேக்கர் குடியிருப்பு
நியூ ஹாம்ப்ஷயர்
14 செப்டம்பர் 1926

அன்புள்ள ஈபன்,

நலம்தானே? உன் மனைவிக்கு மூட்டுவலி குறைந்ததா? இங்கே ஆப்பிள் பாதி மரத்திலேயே அழுகுகிறது. குடியிருப்பில் மிச்சமிருப்பது நாங்கள் மூன்று பெண்கள். மூவருக்கும் ஏணி ஏறும் வயதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வடக்கே உள்ள குடியிருப்பில் எங்களை ஏற்றுக்கொண்டார்கள். பனி விழுமுன் போய்விடுவோம். தொழுகைக் கூடத்தை இடித்துவிட்டுத்தான் போகிறோம். வெளிவேலைக்கு நான் பொறுப்பு என்பதால் ஆட்களை நானே அமர்த்தினேன். சும்மா விட்டால் எவனாவது வாங்கி டான்ஸ் கொட்டகை ஆக்குவான். ஷேக்கர்கள் நாங்கள் கடவுளை ஆடித் தொழுத தரையில் திருட்டுச் சாராயம் குடித்தவர்கள் ஆடுவதைவிட அது விறகாகலாம். அக்டோபர் 4, திங்கட்கிழமை வேலை தொடங்கும். உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது, எழுதினேன்.

லூராணா


கான்கார்டு
18 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

ஊருக்கெல்லாம் நீ சகோதரி, எனக்குத்தான் அக்கா. அந்த உரிமையில் சண்டை போடுகிறேன். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா? பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் சங்கம் ஒன்று இங்கே இருக்கிறது. கூடத்தை அப்படியே வாங்கிப் பராமரிக்கத் தயார் என்கிறார்கள். நீ சரி என்றால் போதும்.

உண்மையைச் சொல்கிறேன், இது சங்கத்துக்காக இல்லை. அப்பா போன பிறகு அம்மா நம்மைக் கூட்டிக்கொண்டு அங்கே சேர்ந்தாள். அன்று முதல் நீங்கள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். எல்லோரும் சகோதர சகோதரிதான் என்று சொல்லி, அம்மா என்று கூப்பிடவும் விடவில்லை. அவள் செத்த பிறகு கல்லறைக் கல்லாவது இருந்தது. யாருக்கும் தனிப்பெயர் ஆகாது என்று எல்லாக் கல்லையும் பிடுங்கிப் பொதுவாக ஒரு கல் நட்டீர்கள். அம்மாவின் கல்லைக் கவிழ்த்துச் சலவைக்கூடத் தரையில் பதித்தீர்கள்.

ஞாயிறுதோறும் அந்தக் கூடத்தில்தான் அவள் எனக்கு நேர் எதிரே நிற்பாள். ஆண்கள் வரிசையிலிருந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளை நினைக்க எனக்கு வேறு இடம் கிடையாது. அதையும் பிடுங்காதே.

உன் தம்பி,
ஈபன்


ஹார்லோ மலை
23 செப்டம்பர்

அன்புள்ள ஈபன்,

இங்கே வரும் கடிதத்தை எங்கள் தலைவியான மூத்த சகோதரி ஃபீபி முதலில் படிப்பார் என்பது உனக்கு மறந்துவிட்டது போலும். படித்துவிட்டு, "உன் தம்பிக்கு வாய் இன்னும் அடங்கலையா?" என்றார்.

"பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்றேன்.

"பதில் போடு. ஆனா வளைஞ்சு குடுக்காத."

வளையவில்லை. நாங்கள் ஆடும்போது வண்டி கட்டிக்கொண்டு வந்து சிரித்துவிட்டுப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் உன் சங்கத்தார். அவர்கள் கயிறு கட்டி டிக்கெட் விற்பார்கள். கல்லைப் பற்றிப் பேசுகிறாயே, "என் தலைமாட்டுலயும் கல்லு வேண்டாம்" என்றவள் அம்மாதான். நீ குடியிருப்பை விட்டு ஓடிவிட்டாய், அதனால் அது உன் காதில் விழவில்லை.

லூராணா


கான்கார்டு
28 செப்டம்பர்

அக்கா,

அம்மா என்ன சொன்னாள் என்று உனக்குத் தெரியும். என்னிடம் பேசத்தான் அவளை யாரும் விடவில்லையே. கூடம் விழுந்தால் எனக்கு இனி எழுதாதே. ஃபீபி அம்மையாரும் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

ஈபன்


ஹார்லோ மலை
4 அக்டோபர், திங்கள்

அன்புள்ள தம்பி,

இதை யாரும் படிக்கவில்லை. நானே ஒட்டித் தபாலில் சேர்க்கிறேன்.

இடிக்கப்போகும் கூடத்தை நேற்று சோப்பு போட்டுத் தேய்த்தேன். நீ சிரிப்பாய். அழுக்காக ஒப்படைக்க எங்களால் முடியாது. ஆடும்போது வரிசை கோணாமலிருக்கத் தரையில் செப்பு ஆணிகள் அடித்திருக்கும் அல்லவா? பெண்கள் பக்கம் முன்வரிசையில் ஓர் ஆணியைச் சுற்றி மரம் குழிந்திருக்கிறது. அது அம்மாவின் இடம். அவளுக்குப் பின் என்னை அங்கே நிறுத்தினார்கள். பாதிக் குழி அவளுடையது, பாதி என்னுடையது. அதைத் தேய்க்கும்போது எனக்குக் கை ஓடவில்லை. அழுதேன்.

காலையில் மேஸ்திரி வந்து, "எங்கேர்ந்து ஆரம்பிக்கட்டும்மா?" என்றார்.

"வேண்டாம். கூலிய வாங்கிட்டுக் கெளம்புங்க" என்றேன்.

ஃபீபி எல்லோர் முன்னாலும் கேட்டார்: "மரத்து மேல ஆசை வைக்கலாமா லூராணா?"

"மரத்து மேல இல்ல."

"அப்ப யாரு மேல?"

கேட்கும்போதே அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மா தம்பி என்ற பாசம் இங்கே வாசலோடு விட வேண்டியது. அவரும் மற்றவரும் மதியமே வடக்கே புறப்பட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அங்கே இனி எனக்கு இடமிருக்குமா, தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது.

உன் சங்கத்தாருக்குச் சரி என்று சொல். அந்த ஆணியைப் பற்றி மட்டும் மூச்சு விடாதே, பெயர்ப்பலகை வைத்துவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வா. ஆண்கள் பக்கம் உன் பழைய இடத்தில் போய் நில். நான் எதிரே அந்த ஆணிமேல் நிற்கிறேன். வயதாக ஆக எனக்கு அம்மாவின் முகம் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். எங்களிடம் கண்ணாடி பார்க்கும் பழக்கம் குறைவு. நீ பார்த்துச் சொல்.

லூராணா