நான்காவது கிட் அனுப்ப வேண்டாம்

பரமத்தி வேலூர்,
ஆடி 12

மதிப்பிற்குரிய குருமூர்த்தி ஐயா அவர்களுக்கு,

மெக்கானிக் சென்னியப்பனின் மனைவி மஞ்சுளா வணக்கத்துடன் எழுதுவது. இங்கிலாந்தில் நீங்களும் அம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மழை இல்லை, ஆற்றில் மட்டும் தண்ணீர் வந்திருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம். வீடும் பட்டறையும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பதால் நான் பேசுவது அவர் காதில் விழும். அதனால் தபாலாபீசில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் கிளட்சுக்கு இன்னொரு ரப்பர் கிட் வேண்டும் என்று அவர் போன வாரம் கேட்டிருக்கிறார். தயவுசெய்து அனுப்ப வேண்டாம். கிளட்ச் சித்திரையிலேயே சரியாகிவிட்டது.

எங்களுடையது லாரிப் பட்டறை. இந்தப் பழைய வண்டியை ஏற்றுக்கொண்டது மகன் இளஞ்செழியனின் ஆசை. கிளட்சை மிதித்தால் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொள்ளும், கியர் விழாது. நீங்கள் அனுப்பிய முதல் கிட்டைப் போட்டும் ஆயில் கசிந்தது. கீழ் சிலிண்டருக்குள் துரு அரித்துக் குழி விழுந்திருக்கிறது, எத்தனை ரப்பர் மாற்றினாலும் நிற்காது, நாமக்கல் லேத்தில் கொடுத்து உள்ளே புது உறை மாதிரி ஸ்லீவ் போட வேண்டும் என்று அவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான். சொன்ன மூன்றாம் நாள் கரூர் ரோட்டில் பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. உங்களுக்குத் தெரிந்ததுதான். நீங்களும் போனில் அழுதீர்கள்.

ஒரு மாதம் இவர் பட்டறையைத் திறக்கவில்லை. திறந்த பிறகு உங்கள் வண்டியை மட்டும் தொட்டார். ஸ்லீவ் போட்டு வந்து, இரண்டாவது கிட்டை மாட்டினார். குழாய்க்குள் நிற்கும் காற்றை எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் மேலே பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்து காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். அப்பனும் மகனுமாகச் செய்த வேலை அது. இப்போது சீட்டில் என்னை உட்கார வைத்தார். “அமுக்கு சாமி... புடிச்சுக்க சாமி... உடு சாமி” என்று கீழிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் என்னை அவர் சாமி என்று கூப்பிட்டதே இல்லை. மகனைத்தான் அப்படிக் கூப்பிடுவார்.

அன்று பெடல் என் காலுக்குக் கெட்டியாக வந்தது. மறுநாள் காலையில் பழையபடி தரைக்குப் போனது. மறுபடி மிதித்தேன். இப்படி எத்தனை நாள் என்று நினைவில்லை. மேல் சிலிண்டர் என்றார், ஓஸ் குழாய் என்றார், உங்களிடம் மூன்றாவது கிட் கேட்டார். அது பிரிக்காமலே பீரோவில் கிடக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை மதியம் சோற்றுக்குக் கூப்பிடப் போனேன். நிப்பிளைத் திறந்து வைத்துவிட்டு, பெடலைக் கையாலேயே அமுக்கி அமுக்கி, அவரே காற்றை உள்ளே இழுக்க விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை. ஏனுங்க இப்படி என்று கேட்டேன்.

“வண்டி போயிருச்சுன்னா அப்புறம் நான் யாரைக் கூப்புடறது, மஞ்சு?” என்றார்.

நான் ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்தேன்.

என் தப்பும் இதில் இருக்கிறது ஐயா. பெடல் தரைக்குப் போன காலைகளில் எனக்கும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் லாரிக்காரர்கள் வேறு பட்டறை பார்த்துப் போய்விட்டார்கள். அவர் ஒரு வேளைதான் சாப்பிடுகிறார், சட்டை தோளில் தொங்குகிறது. அந்தச் சீட்டில் உட்கார்ந்து அந்தக் குரலைக் கேட்கிறபோது நான் என்று ஒருத்தி இருக்கிறேனா என்றே தெரியவில்லை. இனி என்னால் முடியாது.

ஆவணியில் லீவுக்கு வருவதாகச் சொன்னீர்கள். முன்கூட்டிச் சொல்லாமல் வாருங்கள். கூடவே ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வாருங்கள். அன்று பெடல் தரையில் கிடந்தாலும் அரை மணி நேர வேலைதான், மிதிக்க நான் இருக்கிறேன். அவர் கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், வண்டியை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அதற்கப்புறம் அவரை எப்படிப் பார்த்துக்கொள்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் மகன் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவசரம் இல்லாமல் ஓட்டச் சொல்லுங்கள் ஐயா. வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அம்மாவிடம் ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மஞ்சுளா