காற்றுக்கும் கூலி

2008 ஆகஸ்ட் 14, வியாழன்

இன்று எரிச்சல் அடங்கவே இல்லை. நாக்பூரிலிருந்து ஒரு பெண்மணி என் இணையதளத்தில் காகித விளக்கு ஒன்று கேட்டிருந்தார். வெளிமாநிலத்திலிருந்து வந்த முதல் ஆர்டர். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதலியார்பேட்டையிலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் போனேன்.

ஏறி இறங்கிய கூரியர் கடைகளில் எல்லாம் விளக்கின் விலையைவிடக் கூலி அதிகம். கடைசிக் கடைக்காரரிடம், "தூக்கிப் பாருங்கண்ணே, வெயிட்டே இல்ல" என்றேன்.

"வெயிட்டுக்கு இல்லம்மா, பெட்டி சைசுக்குத்தான் காசு. உள்ள இருக்கிற காத்துக்கும் சேத்துதான் போடுவாங்க" என்றார்.

கோபத்தில் அங்கேயே பெட்டியைப் பிரித்து, சின்னப் பெட்டி ஒன்றில் விளக்கை அமுக்கினேன். கம்பி வளைந்து காகிதம் கிழிந்தது. அழுகை வந்தது, அவர் முன்னால் அழவில்லை.

வீட்டில் என் கணவர் ரஃபீக், "அந்தம்மாகிட்ட கூடக் காசு கேட்டு வாங்கேன்" என்றார். எப்படிக் கேட்பது? அனுப்பும் செலவு இலவசம் என்று தளத்தில் பெரிதாக எழுதியது நான்தானே.

நடந்ததை அப்படியே அந்தப் பெண்மணிக்கு மின்னஞ்சலில் எழுதினேன். சாயங்காலமே பதில் வந்துவிட்டது. விளக்கின் காகிதப் பகுதியை மட்டும் புதிதாகச் செய்து, மடித்துத் தபாலில் அனுப்பினால் போதுமாம். கம்பியை அவர் கணவரே வளைத்துக் கட்டிவிடுவாராம். விலையில் எதுவும் குறைக்க வேண்டாமாம்.

நல்ல மனசு. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. அந்தக் கம்பியை வட்டமாக வளைக்க நானே எவ்வளவு நாள் பழகினேன். நாக்பூரில் அது கோணலாகத்தான் தொங்கும். யார் செய்தது என்று வருகிறவர்கள் கேட்டால், அவர் என் பெயரைத்தான் சொல்வார்.