கோடு போடாத தாள்

என் ஸ்டெல்லாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. அன்போடுதான் ஆரம்பிக்கிறேன், முடிக்கும்போது எப்படி இருப்பேனோ தெரியாது. நீ இருந்திருந்தால் நேரில் வந்து கத்தியிருப்பேன். நீயும் ஒரு டீயை நீட்டி என் வாயை அடைத்திருப்பாய். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய்.

முதலில் ஊர்ச் செய்தி. மயிலாப்பூரில் மெட்ரோ வேலை இன்னும் முடிந்தபாடில்லை. பள்ளிக்கூட வாசல்வரை ஆட்டோ வராது, முனையிலேயே இறக்கிவிடுகிறார்கள். சிறப்புக் கல்விப் பிள்ளைகள் வருகிற நம் ரிசோர்ஸ் ரூமுக்கு ஏசி வந்துவிட்டது. நாம் இரண்டு பேரும் மனு எழுதி எழுதிக் கை ஓய்ந்தபோது வராதது, நீ போனதும் வருகிறது. உன் நாற்காலியில் போன வாரம் வரை யாரையும் உட்காரவிடவில்லை.

போன வாரம்தான் எல்லாம் கெட்டது. பிள்ளைகளைச் சோதித்து, யாருக்குச் சிறப்புக் கல்வி தேவை என்று ரிப்போர்ட் எழுதும் ஆசிரியர்களுக்கு வருஷா வருஷம் நீ எடுப்பாயே, அந்தப் பயிற்சியை இந்த முறை என் தலையில் கட்டிவிட்டார்கள். தி.நகரில் ஒரு ஹால், இருபது பேர், வருகிற சனிக்கிழமை. உன் ஃபைல் இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்து அலமாரியைத் திறந்தேன்.

முதல் பக்கத்தில் உன் கொட்டை எழுத்து. 'தெரிந்தவர் பிள்ளையைச் சோதிக்காதே.' அதற்குக் கீழே, 'பிள்ளைக்கு உதவினால் அந்த விடைக்குக் குறுக்கே கோடு போடு. கோடு போட்ட விடைக்கு மார்க் இல்லை.' இந்தக் கோட்டுக்காக நீ எத்தனை பேரைக் காய்ச்சி எடுத்திருப்பாய்! பிள்ளை ஒரு சொல்லில் தடுமாறி நம் முகத்தைப் பார்க்கும்போது நம் உதடு தானாக அசைந்துவிடும். உனக்கும் அசையும். "ஒதவி பண்ணியா? பண்ணிக்கோ. ஆனா கோட்டப் போட்டுடு. அத்த மறைச்சேன்னு வையி, அந்தப் புள்ளைக்கு அப்பால யாருமே ஒதவ மாட்டாங்க" என்பாய். நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்து பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

ஃபைலின் அடியில் ஒரு கவர் ஒட்டியிருந்தது. உள்ளே ஒரு சோதனைத் தாள், நாலாம் வகுப்பு. பெயரை மையால் அழித்திருந்தாய். 'மரத்தடி'யை அந்தப் பிள்ளை 'மாத்திரை' என்று படித்ததைப் பென்சிலில் குறித்திருந்தாய். எட்டு வரிப் பத்தியில் பத்துப் பன்னிரண்டு கோடு. பயிற்சிக்கு நல்ல மாதிரி என்று தனியே எடுத்து வைக்கப் போனேன். அப்போதுதான் தாளின் மூலையைப் பார்த்தேன். சின்னதாக ஒரு தண்ணி லாரி, பின்பக்கக் குழாயிலிருந்து மூன்று சொட்டு.

அந்த லாரி என் வீட்டுச் சுவரில் இருக்கிறது. காலண்டரில் இருக்கிறது, ரேஷன் கார்டு உறையில்கூட இருக்கிறது. என் மகன் கவின் வரைந்தது.

வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைந்தேன். ஐந்து வருஷத்துக்கு முன் நீ எனக்குக் கொடுத்த ரிப்போர்ட், அதன் பின்னால் ஒரு சோதனைத் தாள். அதே தேதி, அதே பத்தி, பேனாவில் அழகாகத் திருப்பி எழுதியது. ஒரு கோடு இல்லை. நீ வாயசைத்துக் கொடுத்த சொல்லெல்லாம் என் பிள்ளை தானாகப் படித்ததாகக் கணக்கு. மற்றவர்களுக்குக் கோடு சொல்லிக்கொடுத்த அதே கையால் எனக்கு இதைச் செய்தாயா?

அன்றைக்கு நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். வெளியே வந்து நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இன்னா, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு நிக்கிற? ஒண்ணும் இல்ல ரேவு. புள்ள நல்லா கீறான். வெளாட்டுப் புத்தி, அவ்ளோதான்." நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். நம்பினேன் ஸ்டெல்லா.

விளையாட்டுப் புத்தி என்றால் திட்டினால் சரியாகிவிடும் இல்லையா? திட்டினேன். டிவியைப் பிடுங்கினேன். இரண்டு டியூஷன் வைத்தேன். ஏழாம் வகுப்பில் ஒருநாள் ஸ்கேலால் அடித்து ஸ்கேல் உடைந்தது. மறுநாள் உன்னிடம்தான் வந்து அழுதேன். நீ என் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, "மொதல்ல துன்னு" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா?

அடையாறு ஆஸ்பத்திரியில் தினமும் சாயங்காலம் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, அப்போதும் உனக்குப் பேச்சு இருந்தது. நர்ஸைக் கிண்டல் செய்யப் பேச்சு இருந்தது. "கவின வையாத ரேவு" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாய். பெரியம்மா மாதிரியான பாசம் என்று நினைத்தேன். என்ன மடச்சி நான்.

இரண்டு தாளையும் கவின் முன்னால் வைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மீசை அரும்புகிறது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்களா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான். "சனிக்கிழமை கிரிக்கெட்டுன்னு பட்டினப்பாக்கம் போவேன்ல? கிரிக்கெட் இல்லம்மா. ஆன்ட்டி வீட்ல எனக்குப் படிக்கச் சொல்லிக்குடுத்தாங்க. எனக்கு எழுத்து கலங்கும்னு அவங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ தாங்க மாட்டேன்னாங்க." இரண்டு தாளையும் என் பக்கம் தள்ளிவிட்டு, "அவங்க போனதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே ஓடலம்மா" என்றான்.

மீன் குழம்பு வாசனையோடு அவன் வீட்டுக்கு வந்த சனிக்கிழமைகளை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாரத்தில் ஒரு நாள் நீ அவனைத் தேற்றினாய், மற்ற ஆறு நாளும் நான் அவனைச் சோம்பேறி என்றேன். நான் சொல்வது உனக்குத் தெரியும். தெரிந்தே விட்டாய். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என்னைக் கொடுமைக்காரி ஆக்கிவிட்டாய். இதை எப்படி மன்னிப்பது, நீயே சொல்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் உன் நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டேன். அதற்கு மறுநாள் நானே எடுத்து உள்ளே வைத்தேன்.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கவினை வேறு யாரிடமும் காட்ட எனக்குத் துணிவு இல்லை, உன்னிடம்தான் இழுத்து வந்தேன். வீட்டில் என் வேலையையே 'லூசுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவ' என்று சொல்கிறவர்கள் என் புகுந்த வீட்டார். மற்ற தாய்மாரிடம், "இது நோய் இல்லைம்மா, உங்க பிள்ளை கத்துக்கிற விதம் வேற" என்று வாய் வலிக்கச் சொன்னவள் நான். அன்றைக்குக் கதவுக்கு வெளியே நின்று, "நல்லதா எழுது ஸ்டெல்லா, உன் கால்ல விழறேன்" என்று உள்ளே கேட்கும்படி சொன்னவளும் நான்தான். நீ அந்தக் குரலுக்குத்தான் எழுதினாய். எழுதியிருக்கக் கூடாது.

சனிக்கிழமை அந்த ஹாலில் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டப் போகிறேன். எழுதியவள் என் தோழி, கெஞ்சிய தாய் நான் என்று சொல்லப் போகிறேன். கவினிடம் அனுமதி கேட்டேன். "என் பேரைக்கூடச் சொல்லிக்கோ. லாரிய மட்டும் மறைச்சுடு, கேவலமா இருக்கு" என்றான். இத்தனை நாளில் அப்போதுதான் சிரித்தேன்.

செவ்வாய்க்கிழமை அவனை மறுபடியும் சோதிக்கப் பெருங்குடிக்குக் கூட்டிப் போகிறேன். உன்னையும் தெரியாத, என்னையும் தெரியாத ஒருவரிடம். அடுத்த வருஷம் பப்ளிக் பரீட்சை. ரிப்போர்ட் சரியாக இருந்தால் கூடுதல் நேரம் கேட்கலாம், எழுத ஆள் கேட்கலாம். ஐந்து வருஷம் தாமதமாகக் கேட்கிறோம்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்தக் கதவுக்கு வெளியே நான் வாயைத் திறக்கமாட்டேன். அவர் வெளியே வந்து என்ன சொன்னாலும் 'சரி' என்பேன். அந்த ஒரு சொல்லை நான் சொல்வேன் என்று உனக்கு நம்பிக்கை வந்திருந்தால், நீ அந்தப் பென்சில் தாளையே என் கையில் கொடுத்திருப்பாய்.

கோபம் தீராத உன் தங்கச்சி,
கவினின் அம்மா,
ரேவதி