உன் பங்கு மருந்து

இன்று காலை ஃபிரிட்ஜில் தயிர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்த உன் டப்பாவை எடுத்தேன். மருந்துக் கடைக்காரர் ஒட்டிய சீட்டில் இன்னும் உன் பெயர்தான் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் மல்லிகைப்பூ வாசனை. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் மருந்துக்குப் பக்கத்திலேயே பூவை வைக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்வாயே, அது இன்னும் போகவில்லை. ஒரு பிளாஸ்டிக் குப்பியை எடுத்து, குளிர் போகட்டும் என்று உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றேன்.

எனக்கு இன்று மருந்து மாதம் ஆரம்பம். இந்த மாதம் முழுக்கக் காலையும் மாலையும் நுரையீரலுக்குள் மருந்தை இழுக்க வேண்டும். அடுத்த மாதம் ஓய்வு. அக்காவைப் பெண் பார்க்க ஒக்கூரிலிருந்து வருவதாகச் சொன்னதும் இதே நாள்தான். பெரிய அத்தை விடிந்ததும் விடியாததுமாக வந்து, முதல் வேலையாக என் நெபுலைசரைத் தூக்கி மாடி அறையில் வைத்துவிட்டாள்.

“ஏத்தா, இன்னைக்கு ஒரு நாளு அந்தப் புகை மெஷினைப் போடாத. வர்றவுக என்ன ஏதுன்னு கேப்பாக. நாளைக்கு ஆரம்பிச்சா குடியா முழுகிப்போகும்?”

அதோடும் அவள் விடவில்லை. “அந்தக் கல்லல் பிள்ளையுந்தான் அம்புட்டு மருந்தை இழுத்துச்சு. என்னத்தக் கண்டுச்சு?”

நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி இந்தக் கேள்வியை எத்தனை வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! உன் சாவைக் கொண்டுவந்து என் மருந்துக்கு எதிராகச் சாட்சி சொல்லவைக்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நீ என்னத்தைக் கண்டாய் என்று நான் சொல்கிறேன்.

சின்ன வயதில் உன் இருமலுக்குக் காசநோய் என்று பெயர் வைத்தார்கள். தனித் தட்டு, தனி டம்ளர். மாத்திரை தின்று தின்றும் சளி நிற்கவில்லை. மதுரையில் ஒரு டாக்டரம்மா, “பிள்ளைய முத்தம் கொஞ்சினா உப்புக் கரிக்குமா?” என்று உன் அம்மாவிடம் கேட்டபோதுதான் எல்லாம் மாறியது. “ஆமாங்க, அதுக்குத்தானே உப்புக்கட்டின்னு கூப்பிடுவேன்” என்றாராம் அம்மா. வியர்வையைச் சோதித்து, சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றார்கள். நுரையீரலில் சளி பசையாய் ஒட்டிக்கொள்ள, அதற்குள் கிருமி குடியேறிவிடும் பிறவி நோய். எனக்கும் அதே நோய், அதே டாக்டரம்மா.

மருந்தை மூச்சோடு இழுக்கத் தொடங்கிய பிறகு நீ கல்லூரிக்குப் போனாய், முடித்தாய். கண்மாய்க் கரையில் ஸ்கூட்டர் பழகி, கருவேல வேலிக்குள் விழுந்து, அதை என்னிடம் மட்டும் சொன்னாய். சில்லறை தராத கண்டக்டரோடு மூச்சு வாங்காமல் சண்டை போட்டாய். அதுதான் நீ கண்டது. அந்த வருஷங்களை உனக்கு யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

மாத்திரை இருக்க இந்தப் புகை எதற்கு என்று ஆரம்பத்தில் நானும் கேட்டிருக்கிறேன். “திருடன் வீட்டுக்குள்ள உக்காந்திருக்கான். மாத்திரைங்கிறது தெருவுல ரோந்து சுத்துற போலீசு. இது நேரா கதவைத் திறந்து உள்ள போயிரும்டி” என்றாய். டாக்டரம்மா அரை மணி நேரம் சொல்லியும் புரியாதது எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

நம் இருவருக்கும் போன் நம்பர் கொடுத்துச் சேர்த்துவைத்த டாக்டரம்மாவே, நேரில் சந்திக்கவே கூடாது என்றும் சொன்னார். ஒருத்தி நெஞ்சில் இருக்கும் கிருமி இன்னொருத்திக்குத் தாவினால் ஆபத்து. வீட்டில் மற்றவர்களை அது ஒன்றும் செய்யாது. நமக்கு நாம்தான் ஆகாது. “உன் கிருமியும் என் கிருமியும் சம்பந்தம் பேசிருச்சுன்னா, சீர் செய்ய நம்மளால ஆகாதுடி” என்று சிரிப்பாய். அதனால் தினமும் காலையில் வீடியோவில்தான், நீ கல்லலில், நான் காரைக்குடியில். முதலில் மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்து, பிறகு உப்புத் தண்ணீர்ப் புகை, அப்புறம் நெஞ்சைத் தட்டிச் சளியைத் துப்பிவிட்டு, கடைசியில் இந்த ஆன்டிபயாடிக். வாயில் குழாய் இருப்பதால் பேச முடியாது. கண்ணாலேயே ஊர்வம்பு பேசுவோம்.

ஒரே ஒரு தடவை நேரில் பார்த்தோம். நான் மானாமதுரை போகும் ரயிலில் வந்தேன். கல்லல் ஸ்டேஷனில் வண்டி நின்றபோது நீ பிளாட்பாரத்தின் கடைசியில், முகத்தில் மாஸ்க்கோடு, காதில் போனோடு நின்றாய். நானும் மாஸ்க்கோடு வாசலில் நின்றேன். நீ பேசிய முதல் வார்த்தை, “போன்ல பாக்குறதுக்கு நேர்ல ரொம்பக் குட்டையா இருக்கடி.” எனக்கு அழுகை வந்துவிட்டது. “அழாத, மூக்கடைச்சுக்கும்” என்று அதட்டினாய். வண்டி நகர்ந்த பிறகும் போனை வைக்கவில்லை.

ஹாஸ்டலில் இருந்தபோது மெஷினைப் பெட்டிக்குள் ஒளித்துவைத்ததைப் பிறகு ஒரு நாள் சொன்னாய். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போட்டாய். அப்படி நேரம் வாய்க்காத நாளில் விட்டாய். விட்டுவிட்டுப் போட்டு, காய்ச்சலில் விழுந்தாய். “ஒளிச்சுப் போட ஆரம்பிச்சோம்னா, ஒரு நாளைக்குப் போடாமலே இருந்துருவோம்டி. இனி நடு வீட்டுலதான்” என்றாய். அப்படித்தான் கடைசி வரை செய்தாய்.

கடைசியில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமி வந்தது. மருந்து எல்லாரையும் எப்போதும் காப்பாற்றிவிடும் என்று நீ சொன்னதில்லை. நானும் சொல்லமாட்டேன். கூட்டத்துக்குள் போகக் கூடாது என்று உன்னைப் பார்க்கக்கூட என்னை விடவில்லை. காரியமெல்லாம் முடிந்து உன் அம்மா ஐஸ் பெட்டியோடு பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தார். “மிச்சம் இருந்தா குப்பையில போட்டுறாத, அவளுக்குக் குடுன்னு சொல்லிட்டுப் போயிட்டா. வேண்டாம்னு மட்டும் சொல்லிறாதத்தா.” டாக்டரம்மாவிடம் கேட்டேன். சீல் உடையவில்லை, குளிர் விடவில்லை, தேதி இருக்கிறது, எனக்கு எழுதியதும் இதே மருந்துதான், போட்டுக்கொள்ளலாம் என்றார்.

அந்தக் குப்பியைத்தான் இன்று கையில் பொத்திக்கொண்டு அடுப்படியில் நின்றேன். வந்தவர்களை அத்தை, “இங்குட்டு உக்காருங்க, காபி சாப்பிடுறீகளா?” என்று உபசரித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடிவாதம் இருந்தது, பயமும் இருந்தது. நின்றுபோகப்போவது அக்காவின் கல்யாணம் அல்லவா? அவளைப் பார்த்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிக்குப் போய், மெஷினைத் தூக்கிவந்து, ஹாலில் ஜன்னலோரம் ஸ்டூலில் வைத்து, பிளக்கையும் செருகினாள். “வந்து உக்காரு” என்றாள்.

உட்கார்ந்தேன். மெஷின் தடதடவென்று ஓடியது. ஒவ்வொன்றாக எல்லாம் போட்டேன். நடுவில் எழுந்துபோய் நன்றாக இருமித் துப்பிவிட்டும் வந்தேன். அத்தை முகத்தைப் பார்க்க வேண்டுமே! கடைசியாக உன் குப்பியைத் திருகி ஊற்றியபோது மாப்பிள்ளையின் அம்மா கேட்டார், “பிள்ளைக்கு என்ன?”

என் வாயில் குழாய். அக்காதான் சொன்னாள். “பிறவியில வந்த நுரையீரல் நோயி அத்தே.”

“தொத்துமா?”

“உங்களுக்குத் தொத்தாது. ஆனா வம்சத்துல வர்றது. எனக்கு நோய் இல்ல. ரத்தத்துல இருந்தாலும் இருக்கலாம். நான் டெஸ்ட் எடுக்கப் போறேன். உங்க மகனையும் எடுத்துக்கிறச் சொல்லுங்க. ரெண்டு பேருக்கும் இருந்தாத்தான் பிள்ளைக்கு வரும். நீங்க கேக்குறீக, அதனால சொல்லிட்டேன்.”

கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகக் கிளம்பினார்கள். என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. அத்தை காபி டம்ளர்களை ணங்கென்று அடுக்கினாள். அக்கா, “இதைப் பாத்துட்டு வர்றவுக வரட்டும்” என்று சொல்லிவிட்டுப் புகைக் குழாயைக் கிருமி போக இட்லிப் பானையில் போட்டு அவிக்கப் போனாள்.

இப்போது மாலை. இரண்டாவது குப்பி ஓடிக்கொண்டிருக்கிறது. துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி கசக்கிறது, தொண்டை கட்டுகிறது. நீயும் நானும் ஒரே அறையில் மூச்சுவிடக் கூடாது என்று வைத்திருந்தார்கள். இதோ, உனக்கென்று வாங்கியது என் நெஞ்சுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. இனி யார் தடுப்பார்கள்? அத்தை நாளைக்கும் கேட்கட்டும், கல்லல் பிள்ளை என்னத்தைக் கண்டுச்சு என்று. நடு வீட்டில் உட்கார்ந்து, நன்றாக ஒரு மூச்சு இழுத்துவிட்டுச் சொல்வேன்: “அவ பங்கு இன்னும் தீரல அத்தே. உள்ள ஓடிக்கிட்டிருக்கு.”