பால் உணவு அலமாரி

அன்புள்ள உங்களுக்கு,

நேரில் பேசினால் போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

நம் மகள் நினைவாக அவள் பெயரில் நடக்கும் அறக்கட்டளையிலிருந்து புற்றுநோய் ஆராய்ச்சிக்கும் நடனப் பள்ளிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கொடுத்தீர்கள். நான் மறுபேச்சு பேசவில்லை. நேற்று மீட்டிங்கில் நான் ஒரு யூதச் சங்கத்தின் பெயரைச் சொன்னதும், எல்லோர் முன்னாலும் கேட்டீர்கள்: "அவங்க நமக்கு என்ன பண்ணாங்க, ஜலஜா?"

சொல்கிறேன். அவள் படுத்திருந்த மருத்துவமனையில், நோயாளியோடு இருப்பவர்கள் சாப்பிட அந்தச் சங்கத்தார் ஓர் அறை வைத்திருக்கிறார்கள். நான் சைவம் என்றதும் அங்கிருந்த அம்மாள் பால் உணவு அலமாரியைக் காட்டினார். பாலையும் இறைச்சியையும் அவர்கள் ஒரே பாத்திரத்தில்கூடச் சமைப்பதில்லையாம். அதனால் அந்த அலமாரியில் இறைச்சி இருக்காது; மீனும் முட்டையும் மட்டும் இருக்கலாம் என்றார். மறுநாளிலிருந்து மீன், முட்டை இல்லாத டப்பா ஒன்று எனக்கென்று தனியாக இருந்தது.

பதினொரு நாளும் இருந்தது. பன்னிரண்டாம் நாள் நான் அங்கே போகவில்லை.

நீங்கள் அப்போது டெக்சஸில், கேட்டி என்ற ஊரில் புது ஆபீஸ் திறந்துகொண்டிருந்தீர்கள். "வீக்கெண்ட் கண்டிப்பா ஃப்ளைட் புக் பண்றேன்" என்றீர்கள்.

அந்தச் சங்கத்துக்கு நன்கொடை கொடுக்கும் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்களும் போட வேண்டும். அதுவரை, அறக்கட்டளைப் பணத்தில் நீங்கள் கட்ட நினைக்கும் ஆடிட்டோரியத்துக்கு என் கையெழுத்து கிடைக்காது. யாரை விட்டுப் பேசச் சொன்னாலும் கிடைக்காது.

அந்த அறைச் சுவரில் நம் பெயரும் வேண்டாம். அங்கே யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்கள். நீங்கள் போனில் அதைக்கூடக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
அவள் அம்மா